நீல நூல் தைத்த செருப்பு

இன்று காலை உன் அண்ணனின் செருப்பு மறுபடியும் என் கைக்கு வந்தது. செருப்பாக அல்ல, ஜெராக்ஸ் தாளாக. கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த தாள், சூடும் மை வாடையும் போகவில்லை. எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி கொண்டு வந்தாள். "அக்கா, நீங்களும் ஃபாரின்ல கிரிமினாலஜி படிச்சவங்கதான? நானும் அப்ளை பண்றேன். ஏன் படிக்க ஆசைன்னு கட்டுரை கேக்குறாங்க. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வார் அறுந்து, நீல நூலால் தைத்த இடது கால் செருப்பு ரோட்டில் தனியாகக் கிடந்தது என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த நூலைக் கோத்தது நீ. பள்ளிக்கூடச் சுடிதாரில் பிரிந்த ஓரத்தைத் தைக்க வைத்திருந்த நூல்.

"உங்க மாமா இறந்துட்டாரா?" என்று கேட்டேன். தாளில் தாய்மாமா என்று இருந்தது.

"ஐயோ, மாமா விருதுநகர்ல நல்லா இருக்காருக்கா. கன்சல்டன்சில குடுத்த மாடல்ல அண்ணன்னு போட்டிருந்துச்சு. எனக்குத்தான் அண்ணன் இல்லைல, அதான் மாத்திக்கிட்டேன்."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எனக்கு அந்தப் பெண் மீது அருவருப்பு வரவில்லை. அந்த மாடலை எழுதியவள் நான்.

நம் இருவருக்கும் பசுமலையில் ஒரே பெஞ்சு. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்களாக இருந்த என் வீட்டில் குற்றம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குத் தாமதமாகப் போவதுதான். உன் அண்ணன் மாரிச்சாமி அவனியாபுரத்தில் லேத்து பட்டறையில் வேலை பார்த்தார். பட்டறை வாசலை மறித்து நின்ற வண்டியை எடுக்கச் சொன்னதில் வாய்த்தகராறு. வண்டிக்காரன் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டான். அடித்த அடியில் அங்கேயே உயிர் போனது. நாம் அப்போது பிளஸ் ஒன். ஷேர் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு செருப்பைப் பற்றி நீ சொன்னாய். அழுதுகொண்டே சொல்லவில்லை. "கோணலாத் தச்சுட்டேன்டி. கிண்டல் பண்ணிட்டே போட்டுட்டுப் போனான்" என்றாய்.

அடுத்த ஆண்டு, வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கன்சல்டன்சியில், நான் எழுதிப்போன கட்டுரையைப் படித்துவிட்டு அங்கிருந்த ஆள் உதட்டைப் பிதுக்கினான். "சமூகத்துக்குச் சேவை செய்யணும்னு எல்லாரும்தாம்மா எழுதுறாங்க. நீ மதுரைப் பொண்ணு. உங்க குடும்பத்துல ஒரு சம்பவம்கூடவா இல்ல?" இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கேவலத்தைப் பார், வீட்டில் ஒரு கொலை நடக்காததற்கு வெட்கப்பட்டேன். அன்று சாயங்காலமே உன் அண்ணனை என் அண்ணனாக்கி எழுதிக் கொடுத்தேன். கன்சல்டன்சிக்காரன் கம்பி என்ற சொல்லை அடித்துவிட்டு அரிவாள் என்று போட்டான். "மதுரைன்னா அதத்தான் எதிர்பார்ப்பாங்க." நான் அதை அப்படியே அனுப்பினேன். இடம் கிடைத்தது.

அங்கே முதல் வார வகுப்பில், ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார்கள். கட்டுரையைப் படித்திருந்த பேராசிரியை என்னை மிகவும் கனிவாகப் பார்த்தார். நான் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் வந்தது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத அசிங்கம். ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டாள். டீ குடிக்கும் இடத்தில் ஒருவன் அரிவாள் எவ்வளவு நீளம் இருக்கும் என்று கையை விரித்துக் கேட்டான். நானும் கையை விரித்துக் காட்டினேன்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மூன்று ஆண்டும் படித்தேன். அவர்களுடைய கதை அவர்களுக்கே சொந்தம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

முதல் லீவில் வந்தபோது உன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீயும் உன் அம்மாவும் அன்றும் வாய்தாவுக்குப் போய்விட்டு வந்திருந்தீர்கள், வழக்கை மறுபடியும் தள்ளிவைத்திருந்தார்கள். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேன்ல" என்றாய். பிறகு, "அவன் பேரப் போட்டியா?"

"இல்ல. அண்ணன்னு மட்டும்தான்."

"கோர்ட்டுலயும் இறந்த நபர், இறந்த நபர்னுதான் சொல்றாங்க. அம்புட்டுப் பேரு முன்னாடி அவனுக்குப் பேரே இல்ல. இப்ப நீயுமா?" தட்டில் இருந்த மிக்சரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாய்: "அந்தக் காலேஜுக்கு உண்மைய எழுதிரு. அவன் எங்க அண்ணன்னு எழுதிரு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

எழுதுகிறேன் என்றேன். திரும்பிப் போனதும் விதிமுறையை எடுத்துப் பார்த்தேன். விண்ணப்பத்தில் பொய் இருந்தால் இடம் ரத்து, பட்டம் வாங்கியிருந்தாலும் பறிக்கலாம் என்று இருந்தது. மூடி வைத்துவிட்டேன். நீ போனில் கேட்டாய், "எழுதிட்டியாடி?" எழுதிட்டேன் என்றேன். "என்ன சொன்னாங்க?" வருத்தம் தெரிவித்தார்கள் என்றேன். உன் அண்ணன் பெயரை எப்படி உச்சரித்தார்கள் என்று ஆசையாகக் கேட்டாய். அதையும் நடித்துக் காட்டினேன். நீ சிரித்தாய்.

போன வருடம் நீ மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் என்னைக் காட்டினாய். "இவதான் எங்க அண்ணன் பேர சீமைக்குச் சொல்லி அனுப்புனவ." நான் தலையாட்டினேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

அந்தப் பட்டத்தை வைத்துத்தான் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் குற்றவியல் பாடம் எடுக்கிறேன். பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

அந்தப் பெண் போனபின் கன்சல்டன்சிக்குப் போன் செய்தேன். அதே ஆள். "மேடம், அது நம்ம பெஸ்ட் மாடல். எத்தன புள்ளைக அத வச்சு ஃபாரின் போயிருக்குக தெரியுமா?" உன் அண்ணன் எத்தனை வீட்டில் செத்திருக்கிறார் என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பையனின் கட்டுரையில் அப்பாவாகக்கூட இருந்தாராம். போனை வைத்துவிட்டேன். அவனைத் திட்டும் யோக்கியதை எனக்கு ஏது?

மத்தியானம் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். முதல் வரியே அவர் பெயர்: மாரிச்சாமி, லேத்துத் தொழிலாளி, என் தோழியின் அண்ணன். அரிவாள் இல்லை, இரும்புக் கம்பி என்றும் எழுதினேன். அனுப்பியும் விட்டேன். பிறகு அந்தப் பெண்ணை வரச்சொல்லி அந்தச் செருப்பு யாருடையது, யார் தைத்தது என்று சொன்னேன். அவள் தாளை வாங்கி நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். "நான் வேற எழுதுறேன்க்கா" என்றாள்.

பட்டம் போகலாம், வேலையும் போகலாம். போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி யார் கேட்டாலும் எழுதிவிட்டேன் என்று நான் சொல்வது உண்மை. நீ கேட்டபோது சொன்னது மட்டும் பொய். அதை நம்பிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பைத்தான் நான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.