அப்பாவின் நாற்காலியில் சொன்ன வார்த்தை

அன்பு மகள் கட்ரீஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே மூச்சு நடமாட்டத்தோடு இருக்கிறேன், முட்டி மட்டும் மேகம் கூடுவதற்கு முன்னாலேயே மழை வருகிறது என்று சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேத்தி நயோமியும் அந்தப் போர்ட்லேண்ட் ஊரின் ஓயாத மழைக்குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன், அந்த வலிக்கிற முழங்காலில்தான்.

முதலில் நீங்கள் வந்திருந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ போனில் பேசியதைக் கேட்டால் அலபாமா முழுக்கத் திரண்டு வந்து உன் புருஷனைக் கல்லெறிந்த மாதிரி இருந்தது. என் தம்பி யூலிஸ் இருந்தான். அவன் பெண்டாட்டி வில்லடீன், என் பீங்கான் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தராதவள். அவர்கள் பேரன் ஜவோன், காலேஜில் படிக்கிறவன். உன் அப்பாவோடு மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த க்ளியோட்டிஸ். மாப்பிள்ளை ட்ரெவர். ஊஞ்சலில் நயோமி. உள்ளே கேக் வெட்டிக்கொண்டு நீ. வாசல் படியில் மடியில் பீன்ஸ் கூடையோடு நான். வேறு ஒருவரும் இல்லை. நீ என்னிடம் கேட்டிருப்பது ஒரே ஒரு வரி, மாப்பிள்ளையை மன்னித்துவிட்டேன் என்று என் கையால் எழுத வேண்டும், எழுதினால்தான் நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நயோமியைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள், இல்லாவிட்டால் இந்த வருஷமும் இல்லை இனி எந்த வருஷமும் இல்லை என்றாய். வாயால் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அப்பா போனதிலிருந்து முற்றத்துப் பெக்கான் மரத்தடியில் அவர் நாற்காலி மூன்று வருஷமாகக் காலியாகக் கிடந்தது உனக்குத் தெரியும். யூலிஸ்கூட அதில் கோட்டைத்தான் மாட்டுவானே தவிர உட்கார மாட்டான். அன்றைக்கு டாமினோக் கட்டை ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தபோது நான்தான் படியிலிருந்து சொன்னேன், தம்பி ட்ரெவர், நின்னுக்கிட்டே இருக்கீங்களே, அந்த நாற்காலியில உக்காருங்க என்று. சபையில் இன்றைக்கும் சிலர் உன் கல்யாணப் படத்தைப் பார்த்தால் வெள்ளைக்காரரா என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச்சை மாற்றுவார்கள், நான் பேச்சை மாற்ற விடாமல் ஆமாம் வெள்ளைக்காரர்தான் நல்ல பாடகர் என்று சொல்லுவேன். இதை நான் எழுதுவது எதற்கென்றால், நீ சொன்ன மாதிரி நான் அவரை முதல் நாளிலிருந்தே பிடிக்காமல் காத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. க்ளியோட்டிஸ் அண்ணன் ட்ரெவரிடம், மாப்பிள்ளை, கட்டையப் போடப் போறியா இல்ல அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறியா என்று கேட்டார். யூலிஸ், விடுங்கண்ணே, அவங்க ஊர்ல மழை நின்னாத்தான் அடுத்த ஆட்டம் என்றான். மாப்பிள்ளையும் சளைக்கவில்லை, மாமா உங்க பல்லு செட்டுதான் ஆடுது, நீங்க ஆடலை என்றார், க்ளியோட்டிஸ் அண்ணன் பல்லு செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடு நடுவே யூலிஸும் க்ளியோட்டிஸ் அண்ணனும் அந்த வார்த்தையால் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள், நம் கறுப்பு நிறத்துக்காக வெள்ளைக்காரர்கள் நம் ஆட்களைத் திட்டிய அந்த வார்த்தைதான், வேறு எது. நான் அதை என் பேனாவால் எழுத மாட்டேன். என் சட்டமும் உனக்குத் தெரியும், பெக்கான் மரத்தடியில் யார் வாய் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், கொசுவலைக் கதவைத் தாண்டி அது உள்ளே வரக் கூடாது. உன் அப்பா ஒரு தடவை அடுப்படியில் வாய் தவறிச் சொன்னதற்கு அவருடைய ராச்சாப்பாட்டை மழையில் மரத்தடியில்தான் வைத்தேன், சத்தம் போடாமல் போய் நனைந்துகொண்டே தின்றார். ஏன் அதைச் சொல்லிக்கொள்கிறீர்கள், வெட்கமாக இல்லையா என்று கேட்டிருக்கிறேன். அவர் சொன்னார், பகல் பூரா மில்லுல அவனுங்க வாயால கேட்டுட்டு வர்றோம் ஒடெசா, சாயங்காலம் க்ளியோட்டிஸ் வாயால கேட்டாத்தான் அது கீழ எறங்குது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் புரிந்தது. அதற்கு மேல் கேட்டதில்லை.

கடைசிக் கட்டை மாப்பிள்ளை கையில் இருந்தது. ஓங்கி அடித்தார் பார், ஐஸ் டீ கவிழ்ந்தது, அப்பா நாற்காலி பின்னால் சாய எழுந்து நின்று க்ளியோட்டிஸ் அண்ணனை நோக்கி விரலை நீட்டி, எழுந்திருடா என்று சொல்லி அந்த வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். கோபமில்லை, முகமெல்லாம் சந்தோஷம். நம் ஆட்கள் அந்த வார்த்தையை இழுத்துச் சொல்கிற மாதிரியே சொன்னார். பழகிய வாயாக இருக்கிறதே என்று அப்போதே என் மனசில் ஒன்று தட்டியது, வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன்.

க்ளியோட்டிஸ் அண்ணன் கையிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக முகம் கீழே இருக்கும்படி வைத்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நேரமாச்சு ஒடெசா, மீன் நல்லா இருந்துச்சு என்றார், மீனை அவர் இன்னும் தொடவே இல்லை. ஒருவரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்பா போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் வந்து என் ஆளில்லாத முற்றத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனவர், அன்றிலிருந்து வரவில்லை. சபையில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அதற்கப்புறம் நீ கேக் தட்டோடு வெளியே வந்தாய், மீதி நீ கேட்டதுதான். யூலிஸ் சமாதானம் பண்ணுகிறேன் என்று, விடுங்கப்பா, நம்ம வீட்டு மாப்பிள்ளைதானே, நம்ம கீரையத் திங்குறார், நம்ம பொண்ணோட குடித்தனம் பண்றார், இன்னும் என்ன வேணும் என்றான். ஜவோன் பாய்ந்தான், தாத்தா, கீரை தின்னா வர்ற உரிமையா அது, எத்தனை கட்டு தின்னா கிடைக்கும், சொல்லுங்க என்றான். சொல்லிவிட்டு உங்களுக்கும் அந்த உரிமை கிடையாது, யாருமே சொல்லக் கூடாது, செத்துப் போக வேண்டிய வார்த்தைய நீங்கதான் சோறு போட்டு வளக்குறீங்க என்றான். யூலிஸுக்கு மூக்கு விடைத்துவிட்டது, நீ காதுல மாட்டிக்கிட்டு ஆடுற பாட்டுல மட்டும் என்னடா, பைபிள் வசனமா வருது, என் முதுகுல வாங்கின வார்த்தை அது, நான் வச்சுக்குவேன் தூக்கி எறிவேன், படிச்ச திமிர்ல நீ எனக்குச் சட்டம் சொல்லாத என்று கத்தினான். அதோடு விட்டிருக்கலாம், வில்லடீன் தன் வாயைத் திறந்தாள், அப்போ நயோமிக்கு என்ன கணக்கு, பாதி வார்த்தை சொல்லிக்கலாமா என்று. சிரிப்புக்குத்தான் சொன்னாள், ஒருவரும் சிரிக்கவில்லை, ஊஞ்சல் மட்டும் நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்தத் தாத்தாவும் பேரனும் பேசிக்கொள்வதில்லை. ஜவோன் விடுமுறைக்கு வந்தால் என் வீட்டில் தங்குகிறான், யூலிஸ் தெருமுனையில் வண்டியை நிறுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறான். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மாப்பிள்ளை அதற்குள் போய் வாடகைக் காரில் உட்கார்ந்துகொண்டார். நான் ஒரு தட்டில் மீனும் கீரையும் கேக்கும் வைத்து அலுமினியத் தாளால் மூடி எடுத்துக்கொண்டு போனேன். எதற்குப் போனேன்? திட்டவா? தம்பி, சாப்பிட்டுட்டு க்ளியோட்டிஸ் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருங்க, ரெண்டு தெரு தள்ளித்தான், நானும் கூட வர்றேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். பெரிய மனுஷன் அழுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அப்போதுதான் சொன்னார், அம்மா, நான் யோசிக்கவே இல்லம்மா, கட்ரீஸ் என்னை வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவா, நானும் அவளைச் செல்லமா அப்படித்தான் கூப்பிடுவேன், நீ சொல்லலாம்னு அவதான் சொன்னா என்று. என் பின்னால் வந்து நின்ற நீ இல்லை என்று சொல்லுவாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ சொன்னது என்ன? அம்மா, எங்க வீட்டுக்குள்ள அது வேற, அதுல இப்ப முள்ளே இல்ல, அப்பா நாள் பூரா சொல்லலியா?

தட்டைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் கவனிக்காமலே கிளம்பினீர்கள், திருப்பத்தில் அது விழுந்தது, பக்கத்து வீட்டு நாய் தின்றது.

முள் இல்லை என்றாயே, ஒன்று எழுதுகிறேன், உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை. நான் முதல் வகுப்புக்குப் போகும் முன்பு என் அப்பா எனக்குச் செருப்பு வாங்கக் கூட்டிப் போனார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் கடையில் நம் பிள்ளைகள் செருப்பில் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, அதனால் வீட்டிலேயே பழுப்புக் காகிதத்தில் என் பாதத்தை வரைந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரருடைய குழந்தை, மூன்று வயசிருக்கும், தங்க முடி, தத்தித் தத்தி ஓடி வந்து என் அப்பா காலைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையால் அவரைக் கூப்பிட்டு, தான் சப்பிக்கொண்டிருந்த மிட்டாயை எடுத்து நீட்டியது. அந்தக் குழந்தைக்கு அது திட்டு என்றே தெரியாது, அவர் பேரே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பாசம் அந்த முகத்தில். என் அப்பா தொப்பியைக் கழற்றி, நன்றிங்க ஐயா என்று அந்தக் குழந்தையிடம் சொல்லி எச்சில் மிட்டாயை வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அவர் கை என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் எனக்கு வலிக்கிறது. கோபத்தோடு சொன்னவர்களை நான் எத்தனையோ பேரை மறந்துவிட்டேன் கட்ரீஸ், மறக்காமல் இருப்பது அந்தச் சிரித்த முகம் ஒன்றைத்தான்.

உன் அப்பா சொன்னார், ஆமாம். அவர் அதைத் தாங்கி வந்த ஆளிடம் சொன்னார், அந்த ஆள் திருப்பிச் சொன்னார், மரத்தடியோடு முடிந்தது. உனக்குக் கல்யாணமானபோது என் அம்மா தைத்த போர்வையைக் கொடுத்தேன், அது என்னுடையது, கொடுத்தேன். அந்த வார்த்தையை நீ சீதனமாகக் கொடுக்க அது உன் ஒருத்தியுடையதா? என் அப்பாவைக் கேட்டாயா? க்ளியோட்டிஸைக் கேட்டாயா? அதையும்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். எனக்குத் தூக்கம் பிடிக்காதது நயோமியை நினைத்துத்தான். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். என்றைக்காவது ஒருவன் அவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லுவான், சொல்லாமல் இருக்க மாட்டான், அப்போது என் பேத்தி தன் அப்பா அம்மாவைச் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை அல்லவா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சிரிப்பை இனி நீ என்ன சொல்லி எடுப்பாய், எப்போது எடுப்பாய், எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

நீ கேட்ட வரி இதோ. ட்ரெவரை மன்னித்துவிட்டேன், மனசாரத்தான், அவருக்குக் கொடுக்கப்பட்டதை அவர் வாங்கிக்கொண்டார். யூலிஸை மன்னித்தேன், ஜவோனிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை, வில்லடீனைக்கூட மன்னித்தேன், பாத்திரத்தை மட்டும் தரட்டும். நன்றி நாளுக்கு வாருங்கள், வான்கோழி சொல்லி வைத்திருக்கிறேன், உன் அறையில் விரிப்பு மாற்றுகிறேன். மரத்தடி மேஜையில் இலை விழுந்து கிடக்கிறது, கூட்டவில்லை, இனி அங்கே யாரும் ஆடப்போவதில்லை.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் போகும்போதும் வரும்போதும் காக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். நயோமிக்குத் தலை வாரும்போது நுனியிலிருந்து வாரு, எண்ணெய் தொட்டு வாரு, தூங்கும்போது பட்டுத் துணி கட்டிவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற அம்மா
ஒடெசா மே ப்ரிட்செட்

எல்லாரையும் எழுதிவிட்டு ஒரு பேரை விட்டுவிட்டதாக நீ நினைக்கக் கூடாது. நீ வரும்போது கதவைத் திறப்பேன், பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறுவேன், உன் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வேன், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் மன்னிக்காத ஒரு ஆள் உண்டு, சாகும்வரை உண்டு, அந்தப் பேரை நான்தான் வைத்தேன்: கட்ரீஸ் லொரேன்.