விமான நிலையத்தில் என்னிடம் இல்லாத சொல்

என் செல்ல ஜெரால்டு,

உன் மனைவியையும் மகளையும் நான் துரத்திவிட்டதாக இங்கே துபாயில், நம் அல் குசைஸ் பகுதியில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் மூவரின் விசாவும் உன் பெயரில் இருந்தது. நீ கண்ணை மூடியதும் மூன்றும் ரத்தாகிவிட்டன. பிலார் மகள் செலினோடு ஆப்பிரிக்காவில் தன் ஊரான பாட்டாவுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் நான் நாகர்கோவிலுக்கு.

"மருமகள நீங்கதான் அனுப்பிட்டியளாமேம்மா," என்று மாடி வீட்டு நர்ஸ் ஃப்ளோரா கேட்டாள். "ஆமா, பிளேனையும் நாந்தான் ஓட்டுனேன்," என்றேன். இருவருமே சிரிக்கவில்லை.

நீ இருந்தவரை எனக்கும் பிலாருக்கும் பேச்செல்லாம் உன் வழியாகத்தான் போய்வந்தது. அவளுடைய ஃபாங் மொழியில் எனக்கு இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுத்தாய். பார்த்ததும் 'ம்போலோ', நன்றிக்கு 'அகிபா'. "இன்னும் படிங்கம்மா, மருமகளத் திட்டவாவது உதவும்," என்பாய். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். உச்சரிப்பு சரியாகாமல் அடுத்த சொல்லுக்குப் போக மாட்டேன். நமக்கு நேரம் இருக்கிறது என்று எதை வைத்து நம்பினோம்?

நம் வீட்டில் யாரையாவது வெறும் 'போ' என்று அனுப்பியிருக்கிறோமா? 'போயிட்டு வா' என்றுதானே சொல்வோம். விமான நிலையத்தில் பிலாரை வழியனுப்பும்போது அந்த 'வா' எனக்கு ஃபாங்கில் தெரியவில்லை. அழுதுவிடக் கூடாதென்று முகத்தை இறுக்கிக்கொண்டு, நேரமாகிறது என்று உள்வாசலை நோக்கிக் கையை நீட்டினேன். பிலார் என் கையையே பார்த்தாள். பிறகு செலினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பவே இல்லை.

ஊரார் நினைப்பதைத்தான் அவளும் நினைக்கிறாளா?

போனில் நான் 'ம்போலோ' என்பேன், அவளும் 'ம்போலோ' என்பாள். அதற்குமேல் இருவர் மூச்சும்தான் கேட்கும். செலின் போனைப் பிடுங்கி ஏதோ கேட்பாள்; 'பாட்டி' மட்டும் எனக்குப் புரியும். இப்போது மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. பிலார் ஊரில் ஸ்பானிஷும் பேசுவார்களாம், அது தெரிந்தவரை வைத்துப் பேசலாம் என்கிறாள் ஃப்ளோரா. என் கெஞ்சலை அந்நியர் வாயிலா கொடுப்பேன்? கொடுத்தாலும், எடுக்க ஆள் வேண்டாமா?

ராசா, செலினுக்கு நான்கு வயது. முகங்களை மறக்கிற வயது. உன் கண்கள் அவளிடம்தான் மிச்சம் இருக்கின்றன.

அவர்களை நாகர்கோவிலுக்கு வரவழைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இதை வாசிப்பவர்களில் பாட்டா பக்கம் வேலைபார்த்தவர்கள் இருக்கலாம். 'நான் உன்னை அனுப்பவில்லை, திரும்பி வா' என்பதை ஃபாங் மொழியில் எப்படிச் சொல்வது? தமிழ் எழுத்தில் எழுதி, இந்தப் பத்திரிகை முகவரிக்குத் தயவுசெய்து பதில் போடுங்கள்; என் குரலிலேயே பதிந்து அவளுக்கு அனுப்புவேன்.

உன் அம்மா,
செலினின் பாட்டி