காலியாக இருந்த பத்து மணி

அன்புள்ள அம்மாவுக்கு, ஷைனி எழுதுவது. கும்மிடிப்பூண்டியில் நான் நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? என் குட்டி ஜெபாவுக்கு இருமல் நின்றதா? நேற்று நடந்ததைப் போனில் சொன்னால் என் பயத்தைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் லாரிகள் உள்ளே வர நேரம் பதியும் கம்ப்யூட்டரோடு ஏஐ உதவியாளரை நான்தான் இணைத்தேன். அது பதிவுகளைப் பார்க்கலாம். எதையும் பதியவோ மாற்றவோ முடியாது. நேற்று டிரைவர் கலியன் அதனிடம் நேரம் கேட்டதற்கு, "பத்து மணி காலி" என்றிருக்கிறது. இங்கே ஆபீஸ் ஆட்கள் அப்படிச் சொன்னாலே அந்த நேரத்தைப் பதிந்துவிட்டதாக அர்த்தம். கலியனும் அப்படியே நினைத்து லாரியோடு வந்துவிட்டார். அதற்குள் வேறொருவர் அந்த நேரத்தைப் பதிந்திருந்தார்.

"இன்னா மேடம், காலின்னு சொல்லிட்டு இப்ப உள்ள உடமாட்டேன்றீங்க?" என்று லாரியைக் கேட்டின் குறுக்கே நிறுத்திவிட்டார். பின்னால் ஒரே ஹாரன்.

"பதியற பர்மிஷனையும் அதுக்குக் குடுத்துடும்மா. முடியாதுன்னா நாளைக்கு வராத" என்றார் மேனேஜர்.

அது தப்பாக ஒருவருடைய பதிவை அழித்துவிட்டால்? மறுத்துவிட்டேன். இன்றும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பி, பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். கேட்டில் என்னை உள்ளே விடுவார்கள், கவலைப்படாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். ஜெபா தூங்கும்போது ஒருமுறை வீடியோ கால் போடுங்கள். எழுப்ப வேண்டாம். பார்க்க மட்டும்தான்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஷைனி