கயிறு தாண்டிய சிவப்புக் கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, பிரோனா எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அயர்லாந்தில் இன்னும் மழைதானா? நான் நலம், நம்புங்கள்.

இந்த நார்ஃபோக் கடற்கரைக்கு வருகிற எல்லாருக்கும் கடல்நாய்க் குட்டிகளைப் பார்த்தே ஆகவேண்டும். குட்டிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றை அவர்கள் தாண்டாமல் காவல் நிற்பதுதான் என் வேலை. நேற்று சிவப்புக் கோட்டு போட்ட ஒரு சீமாட்டி கயிற்றைத் தாண்டிப்போய், வெள்ளைக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலையை நோக்கி நடந்தாள்.

“கீழ வைங்க!” என்று கத்தினேன்.

“பாவம்மா, தாய் விட்டுட்டுப் போயிருச்சு. தண்ணில விட்டா நீந்திப் போயிரும்.”

“அதுக்கு இன்னும் நீந்தவே தெரியாதுங்க! தாய் எங்கேயும் போகல, அதோ வருது பாருங்க!”

தாய் பல்லைக் காட்டிக்கொண்டு கரையேறியது. சீமாட்டி குட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மனித வாடை ஏறிய குட்டியைத் தாய் ஒதுக்கிவிடுவதும் உண்டு. அது குட்டியை முகர்ந்தது, விலகிப் போனது. மூச்சை அடக்கி நின்றேன். திரும்பி வந்து மறுபடி முகர்ந்து, பக்கத்தில் சாய்ந்து பால் கொடுத்தது.

குளிர் ஒன்றும் பெரிதில்லை. நம் ஊர்க் கடைத் தேயிலை கொஞ்சம் அனுப்புங்கள். காவலுக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அப்புறம், நீங்கள் தினமும் கழுத்தில் சுற்றுகிற பழுப்பு மப்ளரையும் அனுப்புங்கள். துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் பிரோனா