ரஜீனாவின் பங்கு

கோபாலபுரம்
2.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் மாப்பிள்ளை ஃபைஸும் உடம்புக்கு நலம். மனசுக்குத்தான் நலமில்லை.

போனில் பேசினால் கடையில் ஆள் நிற்கிறது என்று பாதியில் வைத்துவிடுவீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால் யாராவது சிரிக்கிற பொம்மை போடுவார்கள். அதனால்தான் குரூப்பை விட்டேன், போனையும் எடுப்பதில்லை. இந்தக் கடிதத்தை இந்த எல்லையிலிருந்து பாலக்காட்டுக்கு எங்கள் தேங்காய் மண்டி வண்டி ஓட்டுகிற ஜோபி உங்கள் பாத்திரக்கடைக்கே கொண்டுவந்து கையில் கொடுப்பான். படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் வீட்டில் டைல்ஸ் வேலை நடக்கிறதே, நோன்புப் பெருநாளுக்கு இந்தத் தடவை எல்லாரும் இங்கே வாருங்கள் என்று ஆசையாகக் கூப்பிட்டேன். நாங்கள் கறியை விட்டுவிட்டோம், எங்கள் அடுப்பில் கறி ஏறாது என்பதையும் அப்போதே சொன்னேன். நீங்களும் சரி என்றீர்கள். பலாப்பிஞ்சு பிரியாணி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட தாளிச்சா, காளான் குருமா, சேனை வறுவல் என்று விடியும் முன்னே தொடங்கி இடுப்பொடியச் சமைத்தேன்.

ஷம்னா அண்ணி காரிலிருந்து ஒரு ஹாட்பாக்ஸ் மாட்டுக்கறி வறுவலோடு இறங்கினார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்கள். நானும் ஓரமாக இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். தயிர் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவ்வளவு கறியும் என் பிரியாணி தேக்சாவுக்குள் கிடக்கிறது! அண்ணி அடியோடு கிளறிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சிரிக்கிறீர்கள். "இப்பத்தானுங்க மாப்பிள்ளை பெருநாளாட்ட இருக்குது. இந்நேரம் வரைக்கும் ஏகாதசியாட்ட இருந்துச்சு" என்றீர்கள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஃபைஸும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் அவர் வேறு என்ன செய்வார்?

பிரியாணி கிளறிய அதே கரண்டி குருமாவிலும் தாளிச்சாவிலும் போய் வந்தது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டீர்கள், சந்தோஷம். சமைத்த நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று ஒருவராவது கேட்டீர்களா? காலையில் மிஞ்சிய சேமியாப் பாயசத்தை ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் படுத்தோம். நோன்பெல்லாம் பிடித்துவிட்டு, பெருநாளன்று என் வீட்டிலேயே நான் பட்டினி.

தப்பாகப் போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை ரஜீனா

---

பாலக்காடு
6.4.2025

அன்புத் தங்கை ரஜீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தைக் கடையில் நாலு பேர் நிற்கும்போது பிரித்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு யார் மௌத், எப்போது அடக்கம் என்று கேட்டார்கள். உனக்கு இப்போது திருப்திதானே?

ஷம்னா இரண்டு நாளாக அழுதுகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் பலாப்பிஞ்சைக் கறி என்று நினைத்துக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தன. பெருநாளும் அதுவுமாகப் பசியோடு வந்த பிள்ளைகள். கொஞ்சம் ருசி சேரட்டும் என்று நல்ல மனதோடு கொட்டினாள். அதற்கு இத்தனை பெரிய பஞ்சாயத்தா?

நீங்கள் ஏன் கறியை விட்டீர்கள் என்றே இங்கே யாருக்கும் விளங்கவில்லை. டாக்டர் சொன்னாரா, இல்லை. மார்க்கத்தில் சொல்லியிருக்கிறதா, அதுவும் இல்லை. அந்தத் தேக்சா உன் கல்யாணத்துக்கு நான் என் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அதில் கறி வெந்ததே கிடையாதா? ஒரு வேளைச் சோற்றுக்காகக் குடும்பக் குரூப்பையே உதறிவிட்டுப் போனவள் நீ. தப்பு எங்கள் பக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்.

உன் அண்ணன்
நஜீம்

---

கோபாலபுரம்
11.4.2025

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏன் விட்டோம் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. இரண்டு பேருக்கும் பிடிக்காமல் போனது, விட்டோம். கறி தின்றால்தான் முஸ்லிம் என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது? எனக்கும் காட்டுங்கள்.

விட்ட நாளிலிருந்து வருஷா வருஷம் உங்கள் வீட்டுப் பெருநாளுக்கு வந்து வெறும் நெய்ச்சோற்றையும் ஊறுகாயையும் தின்றுவிட்டு, வயிறு நிறைந்தது என்று சிரித்த முகத்தோடு திரும்பியிருக்கிறேன். என்றைக்காவது ஒரு சட்டி சாம்பாரைக் கொண்டுவந்து உங்கள் பிரியாணியில் கொட்டிக் கிளறினேனா? கொஞ்சம் ருசி சேரட்டும் என்று? அண்ணி அழுதார்கள் என்று எழுதுகிறீர்கள். நான் அழுதது உங்களுக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

தேக்சா நீங்கள் கொடுத்ததுதான். கொடுத்துவிட்டால் அது என் பாத்திரம். பாத்திரக்கடைக்காரருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

இனிமேல் உங்கள் வீட்டுக் கறி ஒரு துண்டுகூட என் வாசற்படி ஏறக் கூடாது. எழுதிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

ரஜீனா

---

கோபாலபுரம்
8.6.2025

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று பக்ரீத். உங்கள் வீட்டில் குர்பானி நல்லபடியாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விதான் பட்டேன்.

சாயங்காலம் ஜோபி ஒரு பெரிய பையோடு வந்தான். பிரித்தால் பீர்க்கங்காய், பீட்ரூட், முருங்கைக்காய், வெண்டைக்காய். என்னடா இது என்றேன். "அண்ணன் குடுத்து விட்டாருங்கக்கா. கறி வேண்டாம்னு நீங்க எழுதியிருக்கீங்களாம், அதனால இதுதான் உங்க பங்காம்" என்றான்.

நீங்கள் கோபத்தில் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றும் பார்த்துப் பொறுக்கிய காய். தங்கை சொன்னதைக் கேட்டு நடக்கிறோம் என்று நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குர்பானிக் கறியை மூன்றாகப் பிரிக்கிறோம். வீட்டுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று. அப்படியென்றால் நான் யார்? கறியை விட்ட பிறகும் என் பங்கு வராத பக்ரீத் கிடையாது. வாசலில் வாங்கி, செக்போஸ்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிற வினோவின் வீட்டுக்குக் கொடுப்பேன். சும்மா கொடுக்க மாட்டேன். எங்கள் அண்ணன் வீட்டுப் பங்கு என்று தெருவுக்கே கேட்கச் சொல்லித்தான் கொடுப்பேன். நேற்று வினோவின் மனைவி பாத்திரத்தோடு வந்து நின்றாள். இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

அத்தாவும் அவர் தங்கச்சியும் நிலத் தகராறில் முகம் பார்க்காமல் இருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் பக்ரீத் பங்கை அத்தா நிறுத்தவில்லை. நீங்கள்தான் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள்.

வாசற்படி ஏறக் கூடாது என்று எழுதியது நான்தான். பிறந்ததிலிருந்து எத்தனையோ சொல்லியிருக்கிறேன், எதையாவது காதில் வாங்கினீர்களா? இதை மட்டும் கேட்டீர்களே, அண்ணா.

காய்கறியை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். காய் வாங்க எனக்குக் கடை இருக்கிறது. அண்ணன் வீட்டுப் பங்கு வாங்க வேறு கடை இல்லை.

ரஜீனா

---

பாலக்காடு
9.6.2025

அன்புத் தங்கை ரஜீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முதலில் என் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அனுப்பினாலும் குற்றம், அனுப்பாவிட்டாலும் குற்றம் என்றால் மனிதன் என்னதான் செய்வான்? பாலக்காட்டுச் சந்தையில் பக்ரீத்தன்று பீர்க்கங்காய் பொறுக்கிய ஒரே ராவுத்தர் நானாகத்தான் இருப்பேன். பார்த்தவர்களெல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

சொந்தத்துக்கான பங்கை அன்றைக்கே கொடுத்து முடித்துவிட்டேன். உன் பங்கும் அதோடு போயிற்று. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. அதனால் ஜோபியிடம் இப்போது கொடுத்து அனுப்புவது எங்கள் வீட்டுக்கென்று ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது. முழுவதையும் அனுப்பியிருக்கிறேன். வாசலிலேயே வாங்கிக்கொள். வினோவின் மனைவியிடம் அண்ணன் வீட்டுப் பங்கு தாமதமாக வந்தது என்று சொல். தெருவுக்குக் கேட்கச் சொல்.

ஆக, இன்று எங்கள் வீட்டில் கறி இல்லை. நீ திருப்பி அனுப்பிய பைதான் இருக்கிறது. அதைப் பிரித்து வைத்ததும் சின்னவன் கேட்டான், "ஏனுங்கத்தா, இன்னைக்கு நம்ம ஊட்டுல ஏகாதசியா?" நான் அன்றைக்குச் சொன்னதை அப்படியே பிடித்துவைத்திருக்கிறான். யாரும் சிரிக்கவில்லை. ஷம்னா ஒரு பீர்க்கங்காயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு அவ என்னத்தைங்க சாப்பிட்டா?" என்று கேட்டாள். சேமியா என்றேன்.

தப்பாகப் போயிற்று, ரஜீனா.

ராத்திரிச் சமையலுக்கு முன் ஷம்னா உன்னைக் கூப்பிடுவாள். பீர்க்கங்காயைத் தோல் சீவிப் போடுவதா, சீவாமல் போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. போனை எடு.

உன் அண்ணன்
நஜீம்