சிவப்பு நூல் கட்டிய குப்பி

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் முதல் வரியிலேயே பொய் சொன்னால் கடைசி வரை பொய்யாகவே போகும் என்பதால் அதை விட்டுவிட்டேன். நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதைச் சொல் முதலில். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதில் இருப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. எறும்புக் குப்பிகளோடு இதையும் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுகிறேன், படித்துவிட்டு நீயும் மூச்சு விடாதே.

நம் வாலு இப்போது வாலைச் சுருட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கட்டிலில்தான் இருக்கிறாள். அக்கா பெற்ற நாலு வயதுக் குழந்தை, படுக்கை மேலேயே காலுறையும் ஷூவுமாக உட்கார்ந்திருக்கிறாள். கட்டிலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருக்கிறோம். குளியலறை வாசலில் அந்த எறும்பு முதல் தடவை கொட்டியபோது உதடு மட்டும்தான் வீங்கியது. மழலைப் பள்ளித் தோட்டத்தில் இரண்டாவது தடவை கொட்டியபோது தொண்டை அடைத்து, உன் அக்கா மடியில் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்ததை நான் பார்த்தேன், உனக்குச் சொல்லும்போது கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். மூன்றாவது தடவை என்றால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடையிலேயே தலை நரைத்தவன் நான், அழுக்கே இல்லாத கண்ணாடியை ஒருவர் துடைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. மாப்பிள்ளை வீட்டை மாற்றிவிடலாம் என்கிறார். பள்ளித் தோட்டத்திலும் இருக்கிறதே, எந்த வீட்டுக்குப் போவது? மருந்தடிக்க வந்தவரோ, “வரிசையா போற எறும்புன்னா பின்னாடியே போய் புத்தைப் பிடிச்சிடலாம் சார், இது ஒத்தையா திரியுது, எங்கேன்னு தேடறது” என்று கையை விரித்துவிட்டார். வாலு என்னைக் கூப்பிட்டு, “தாத்தா, தரை நல்லா இருக்கா?” என்று கேட்கிறாள், ஊருக்குப் போன ஆளை விசாரிக்கிற மாதிரி. நல்லா இருக்கு கண்ணு என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன், அங்கே நின்று அழுவதற்கு உன் அம்மா ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருந்தாள்.

அவள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பிள்ளையைக் கொட்டிய அன்றே கொதிநீரை ஊற்றி, மருந்துத் தூளைத் தூவி, பெருக்கித் துடைத்து, கொட்டிய எறும்பைக் குப்பை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். ஆனால் நான் செய்தது அதைவிடப் பெரிய கூத்து. மிச்சம் திரிகிற எறும்பையாவது பிடித்து ஏதாவது திரவத்தில் போட்டு அனுப்புங்கள் என்று நீ சொன்னாய், கடையில் லென்ஸ் துடைக்கிற திரவம்தான் கையில் இருந்தது, கண்ணாடியைப் பளபளப்பாக்குவது எறும்பையும் சுத்தமாக வைத்திருக்கும் என்று நினைத்தேன். நிறமெல்லாம் வெளுத்து, உடம்பில் இருந்த மயிரெல்லாம் ஒட்டிப்போய், எதையும் எண்ண முடியவில்லை என்று நீ சொன்னபோதுதான் செய்த காரியம் புரிந்தது. என் பெண் எறும்பை இனம் பிரித்து அதற்கு அடையாள அட்டை கொடுக்கிற உத்தியோகம் பார்க்கிறாள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேலி பேசியவன் நான். இப்போது வீடே அந்த அடையாள அட்டைக்குத்தான் காத்துக்கிடக்கிறது.

அந்த வெளுத்த குவியலிலிருந்தும் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாயே, “ஒரே குப்பியில ரெண்டு இனத்தைப் போட்டு அனுப்பியிருக்கீங்கப்பா” என்று, அதற்கப்புறம்தான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒல்லி, இரண்டுக்கும் இடுப்பில் ஒரே முடிச்சு. ஒன்றுக்குக் கண் கொஞ்சம் பெரியது. மற்றதற்குக் கண், தாடைப் பக்கத்தில் ஊசிமுனையால் தொட்டு வைத்த புள்ளி. அந்தச் சின்னக் கண்காரியை எந்தக் காலத்திலோ ஒருவர் மூன்றே மூன்று எறும்பை வைத்துக்கொண்டு பெயரிட்டாராம், அதிலும் ஒன்றுக்குத் தலை இல்லையாம், ஐந்தாறு வரி எழுதியதோடு சரி, கொட்டுமா என்று அவரும் எழுதவில்லை, அதற்கப்புறம் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல ஆராய்ச்சி. “பேரை நான் சொல்லிடுவேன்பா, ஆனா குழந்தையைக் கொட்டினது இதுதான்னு என்னால சொல்ல முடியாது” என்றாய். டாக்டரம்மாவோ, அந்த எறும்பின் விஷத்தையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்க வழி இருக்கிறது, ஆனால் எது என்று உறுதியாகத் தெரியவேண்டும், இரண்டையும் எடுத்து ஆராய்ந்தால் வருஷக்கணக்காகும் என்கிறார். நீ அவரைக் கை காட்டுகிறாய், அவர் உன்னைக் கை காட்டுகிறார், நடுவில் பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் என்னதான் செய்வேன், சொல்.

போன வாரம் ஒரு மத்தியானம் வாலுவைத் தூங்கவைத்து என்னிடம் விட்டுவிட்டு அம்மாவும் அக்காவும் கடைக்குப் போனார்கள். பேத்தி உடம்புக்கு ஆகாதது தாத்தா உடம்புக்கும் ஆகாமல் இருக்கலாம், என் கையிலேயே பார்த்துவிடுவோம் என்று, உயிரோடு பிடித்து வைத்திருந்ததில் பெரிய கண்ணை முதலில் எடுத்து, இடது முன்கையில் விட்டு, மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். கொட்டியது, கொசுக்கடி அளவுக்குச் சிவந்து அடங்கிவிட்டது. நெடுநேரம் பொறுத்துச் சின்னக் கண்ணை விட்டேன். வயிற்றை மடக்கி ஒரே குத்து. முதலில் உள்ளங்கை அரித்தது, பிறகு காது சுட்டது, நாக்கு வாய்க்குள் கொள்ளாமல் தடித்தது, எழுந்து நிற்கப் பார்த்தவன் தரையில் கிடந்தேன். இத்தனை வருஷமாகக் குளியலறையில் செருப்புக்கடி என்று நினைத்துச் சொறிந்ததெல்லாம் இவள் வேலைதானோ என்னவோ. விழுந்த சத்தத்தில் வாலு விழித்துக்கொண்டாள். கட்டிலில் எழுந்து நின்று, “தாத்தா, ஏன் தரையில படுத்திருக்கே, கொட்டும், மேல வா, மேல வா” என்று கத்துகிறாள். இறங்கக்கூடாது என்று சொல்லி வைத்திருப்பதால் இறங்கவில்லை. எங்கே எனக்காக இறங்கிவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். அவளுக்காக வாங்கிய அவசர ஊசி, தொடையில் அழுத்தினாலே மருந்து ஏறுகிற வகை, கட்டிலில் நின்றால் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் தொங்குகிறது. எடுத்துப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பாள். நான் சொல்லவில்லை. வீட்டில் இருப்பது அது ஒன்றுதான், அடுத்தது எப்போது வரும் என்று மருந்துக் கடைக்காரருக்கே தெரியவில்லை. ஊர்ந்து போய்க் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், அவள் என் சட்டைக் காலரை இழுத்துக்கொண்டே இருந்தாள். மூச்சு எப்போது திரும்பியது என்று எனக்குத் தெரியாது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டினாள்.

திட்டுவதென்றால் நீயும் திட்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள விட்ட நேரத்தில் இப்படிச் செய்தேன், நான் செத்திருந்தால் அவள் பிணத்தோடு தனியாக நின்றிருப்பாள், இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. சின்னக் கண் எல்லாம் சிவப்பு நூல் கட்டிய குப்பியில், பெரிய கண் எல்லாம் வெள்ளை நூல் கட்டியதில். இந்த முறை அசல் ஸ்பிரிட்தான், தபாலில் கசியாமல் இருக்க நீ சொன்னபடி வடித்துவிட்டு ஈரப் பஞ்சு வைத்திருக்கிறேன். சிவப்பில் சிறகு உதிர்ந்த பெரியது ஒன்று இருக்கிறது, ராணிதானா பார். மற்ற வேலையெல்லாம் கிடக்கட்டும் கண்ணு, இதை முதலில் பார். உன் மேலதிகாரி காலில் விழவேண்டும் என்றால் என் பேரைச் சொல்லி விழு. டாக்டரம்மாவிடம் நீயே பேசு, கொட்டிக்கொண்டது ஒரு பெரியவர் என்று மட்டும் சொல். என்னால் இனிமேல் அந்தக் குழந்தையிடம் தரை நல்லா இருக்கு என்று சொல்ல முடியாது.

நீ தீர்க்காயுசாக, குறையொன்றும் இல்லாமல் இருக்கவேண்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு, அவள் அறியாமல் எழுதுகிறேன் என்றாலும் அது எப்போதும் உண்டு. கடைசியாக ஒன்று. வாலுவுக்கு இந்த ஒவ்வாமை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, எங்கள் இருவருக்கும் நடுவில் நீ இருக்கிறாய். கொட்டு வாங்காத நாளே இல்லை என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது இதை எழுதும்போதுதான் நெஞ்சில் உறைக்கிறது. நாளைக்கே போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள், பையில் அந்த ஊசி இல்லாமல் காட்டுக்குப் போகாதே. அப்பா சொன்னது சரியா என்று பார்க்க உன் கையை நீட்டிவிடாதே. நீட்டுவாய், எனக்குத் தெரியும், நீ என் பெண். அங்கே உன் காலரைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை.

உன் அப்பா