முத்துவின் மங்கு

வைகாசி, ஞாயிறு இரவு

மலாயாவில் கெடா மாநில ரப்பர் தோட்டங்களுக்கான கிரிக்கெட் கோப்பை எங்களுக்குத்தான். ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பந்து வீசியே ஜெயிக்க வைத்தவன் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும் தொழிலாளி முத்து.

கோப்பையில் பிராந்தி ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் குடிப்பது வழக்கம். முத்து கை நீட்டியதும் தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கு மங்கில ஊத்திக் குடுங்கோ."

ரப்பர் பால் வடிய மரத்தில் கட்டும் கிண்ணம்தான் மங்கு. "அவன்தானே ஐயா வெண்டு தந்தவன்?" என்றேன். அணித்தலைவன் நான்தான், ஆனாலும் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்து குடித்தான். மங்கைக் கழுவினான்.

"காலையில மரத்துக்கு வேணுமுங்க" என்று எடுத்துக்கொண்டு போனான்.

வெள்ளிக் கோப்பை என் மேசையில் மினுங்குகிறது. விளக்கைத் தள்ளி வைத்தேன். அப்போதும் மினுங்குகிறது.